அண்டார்டிகா எந்த நாட்டுக்குச் சொந்தம்? அங்கே சுற்றுலா போக முடியுமா?

யாருக்கும் சொந்தமில்லை என்பது பாதி உண்மை. ஏழு நாடுகள் உரிமை கோருகின்றன. 1959இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம் அந்த வழக்கை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது.

சுற்றுலா தாராளமாகப் போகலாம், காசுதான் கரையும். நவம்பர் முதல் மார்ச் வரை அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து கப்பல்கள் கிளம்பும். டிரேக் நீரிணையைக் கடக்க சுமார் இரண்டு நாள். கடல் கொந்தளித்தால் குடலே வாய்க்கு வந்துவிடும். கரையிறங்குமுன் காலணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெளி விதை ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள் (பெங்குவினுக்கு அந்த விதி தெரியாது, அதுவே பக்கத்தில் வரும்).

என்னைக் கேட்டால், டிசெப்ஷன் தீவுக்குப் போகும் பயணமாகப் பாருங்கள். கடல் புகுந்த எரிமலை வாய்க்குள்ளேயே கப்பல் நுழையும். கறுப்பு மணலில் திமிங்கில எண்ணெய் காய்ச்சிய பழைய கொதிகலன்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.