ஹேண்டில் சுற்றாத ஆயில் இன்ஜின்: சம்மட்டியை எடுக்காதீர்கள்

கேள்வி: வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஒன்றியத்தில் இலவம்பாடி பக்கம் ஒரு ஏக்கரில் முள்ளு கத்திரி வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது. அப்பா காலத்து 5 எச்பி ஆயில் இன்ஜின் நாலு வருஷமாகக் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. ஹேண்டில் போட்டால் இம்மியும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரத்தைச் சம்மட்டியால் அடித்தால் விட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: அடிக்காதீர்கள் தம்பி. சக்கரம் வார்ப்பிரும்பு. ஆரக்காலில் ஓர் அடி பட்டால் விரிசல் விடும், விரிசல் விட்ட சக்கரம் ஓடும்போது தெறித்தால் ஆள் மிஞ்சமாட்டான். முதலில் மோட்டாரை இன்றே ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். இன்ஜினுக்கு ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். காய்ப்பில் இருக்கும் கத்திரி அதுவரை தாங்காது.

எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சில சமயம் பம்புதான் துருவேறி நிற்கும், பழி இன்ஜின்மேல் விழும். அடுத்து, கீழே ஆயில் வடிக்கும் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தால், ஐப்பசி கார்த்திகை மழை உள்ளே போயிருக்கிறது. சைலன்சர் வாயில் டப்பா கவிழ்க்காமல் விட்ட இன்ஜின்களில் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். அப்படியானால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான ஸ்லீவும் ஒட்டியிருக்கும்.

இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி, அதைத் துரு ஆப்பு வைத்தாற்போல் அடைத்துக்கொள்கிறது. அங்கே நுழைய நீர்த்த எண்ணெய் வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது தானாக ஊர்ந்து போகும். கெட்டியான இன்ஜின் ஆயில் மேலேயே நிற்கும். வெறும் மண்ணெண்ணெய் நுழையும், ஆனால் வழுக்கல் போதாது. ஆகவே டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக 100 மில்லி ஊற்றி, துணியால் மூடுங்கள். தினமும் ஒரு சுத்தமான குச்சியை விட்டு மட்டம் பாருங்கள். மட்டம் இறங்கினால் சந்தோஷப்படுங்கள், ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது. மறுபடி ஊற்றுங்கள்.

மூன்று நாள் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். நாலாம் நாள், உள்ளே அழுத்தம் ஏறாமல் விடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும். உடனே ஒரு முழுச் சுற்றுக்கு ஆசைப்படாதீர்கள், எண்ணெய் விட்டு மறுநாள் ஆட்டுங்கள். அவசரப்பட்டுக் கடப்பாரை போட்டு நெம்பி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துபோன இன்ஜினை கே.வி.குப்பம் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன். பொறுமையாக ஊற விட்டிருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருக்கும். ராடு மாற்றியும் அந்த இன்ஜின் பழைய சத்தத்துக்கு வரவில்லை.

பத்து நாளாகியும் அசையவில்லையா, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுங்கள். அதன் நட்டுகளும் துருவேறியிருக்கும். அவற்றுக்கு அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சரிபாதி. இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் அடிக்கலாம். ஆனால் அது 1953-இல் தண்ணீரை விலக்குவதற்கென்று செய்யப்பட்டது, 40-ஆவது முயற்சியில் கூடியதால்தான் அந்தப் பெயர். லேசான துருவுக்குச் சரி, ஊறிப்போன துருவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு திருப்பி, பிறகு தளர்த்துங்கள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், நட்டின் முனை மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனர் போடுங்கள். அசிட்டோன் பெட்ரோல்போலப் பற்றும். ஓலைக் கொட்டகையில் பீடி, அடுப்பு, ப்ளோலாம்ப் எதுவும் கூடாது. நட்டைச் சூடு காட்டிக் கழற்றுவது நல்ல வழிதான், ஆனால் எண்ணெய் ஊற்றிய இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

ஹெட் போனதும் பிஸ்டனுக்கு மேலே ஸ்லீவில் தெரியும் துருவை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, துணியால் துடைத்தெடுங்கள். பிஸ்டன் நடுவாக்கில் நின்றால், அதன் வட்டத்துக்குச் செதுக்கிய வேப்பங்கட்டையை பிஸ்டன் மேல் வைத்து, அந்தக் கட்டையை லேசாகத் தட்டலாம். முழுக்க மேலேயோ கீழேயோ நின்றால் தட்டாதீர்கள். ராடு நேர்க்கோட்டில் இருக்கும், அடி சக்கரத்தைச் சுற்றாது, ராடையும் பேரிங்கையும்தான் தாக்கும்.

சக்கரம் விட்டதும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஊற்றியதெல்லாம் கீழே ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கும், அதோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள். நாசில் இல்லாமலே இருபது முப்பது சுற்று கையால் சுற்றி, பிஸ்டன் மேலே தேங்கியதை வெளியேற்றுங்கள். தேங்கியது நிறைய இருந்தால் சுற்றே ஓடாமல் முட்டி நிற்கும், கொஞ்சம் இருந்தால் இன்ஜின், வேகத்தைக் கட்டும் கவர்னருக்கு அடங்காமல் பறக்கும். ஹெட்டைத் திறந்திருந்தால் புது கேஸ்கெட் போடுங்கள். டீசல் பம்பும் பிடித்திருந்தால் அதை மட்டும் நீங்கள் தட்டாதீர்கள். அதன் பிளஞ்சரில் ஒரு கீறல் விழுந்தாலும் டீசல் அழுத்தம் ஏறாது. கழற்றி டீசல் பம்ப் வேலை செய்யும் கடையில் கொடுங்கள்.