குளிசை எப்ப வேலை செய்யும்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மனநலக் கிளினிக்குகளில் இருபத்தாறு வருசம் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற மருந்தாளர் நான். களுவாஞ்சிகுடியில் ஒரு வாசிகசாலைச் சந்திப்புக்கு வந்தவர்கள் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த கேள்விகள் இவை. பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று சொல்லியிருந்தேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரின் வேலை. நான் மருந்தின் குணத்தைச் சொல்கிறேன்.

ஆரையம்பதி: மனச்சோர்வு எண்டு புளூவொக்சட்டின் தந்து பத்து நாள். ஓங்காளமும் தலையிடியும்தான் கண்ட மிச்சம். மனசு அப்பிடியே கிடக்கு. நிப்பாட்டட்டா?

நிப்பாட்ட வேண்டாம் தங்கச்சி. இந்த மருந்தில் தொந்தரவு முந்தி வரும், சுகம் பிந்தி வரும். ஓங்காளம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போடுங்கள். நித்திரையைக் குழப்பக்கூடிய மருந்து என்பதால் காலையில் போடுவது நல்லது. மனசில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முழுப்பலன் தெரிய ஆறு, எட்டுக் கிழமையும் ஆகலாம். அதுவும் உங்களுக்கு முந்தி வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்: இண்டைக்கு முற்றம் கூட்டினாள், இண்டைக்கு இரண்டாந்தரம் சோறு போட்டாள் என்று. எத்தனையோ கிளினிக் கொப்பிகளில் ஒரே ஒரு திகதியைத்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த திகதிக்கு ஆள் வந்திருக்க மாட்டார். பத்தாம் நாள் கைவிட்டவர்கள் அவர்கள். அதை நினைக்க இப்பவும் மனம் கிடந்து அடிக்கும்.

காத்தான்குடி: மகளுக்கு வஸ்வாஸ். தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கப் போனால் முக்கால் மணித்தியாலம், கை தோலுரிஞ்சு போச்சு. ஓதிப் பார்த்தம், தண்ணி ஓதிக் குடுத்தம். டொக்டர் மனச்சோர்வுக் குளிசை எழுதியிருக்கார். அவளுக்குச் சோர்வு இல்லையே?

ராத்தா, வைத்தியர் பிழையாக எழுதவில்லை. உங்கள் மகளுக்கு இருப்பது ஓசிடி என்கிற நோயாக இருக்கும்: வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். ஈமான் குறைந்ததால் வந்ததல்ல. எங்கள் பக்கத்து வீடுகளில் இதே நோய் துடக்கு, எச்சில் என்று வரும். இன்னொரு வீட்டில் கேஸ் சிலிண்டரைப் பூட்டினேனா என்று இருபது தரம் எழும்பிப் பார்க்க வைக்கும். வேசம் வேறு, நோய் ஒன்று.

எல்லா மனச்சோர்வு மருந்தும் இதற்கு உதவிவிடாது. மூளையில் செரட்டோனின் என்ற பொருளில் பலமாக வேலை செய்கிறவைதான் உதவும்: குளோமிப்ரமின், புளூவொக்சட்டின், செர்ட்ராலின் போன்றவை. அளவும் கூடுதலாக வேண்டும். சோர்வுக்கு 20 மில்லிகிராம் புளூவொக்சட்டின் பலருக்குப் போதும். ஓசிடிக்கு 60 வரை ஏற்றுவார்கள். செர்ட்ராலின் 200 வரை போகும். "என்ன இவ்வளவு பெரிய டோஸ்" என்று பயந்து நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு கிழமை பொறுக்கவும் வேண்டும்.

மருந்தோடு பயிற்சியும் இருக்கிறது. என் கண்ணுக்கு இதுதான் பாதி வைத்தியம். உறுப்புகளை மும்மூன்று தரம் கழுவியதும் பைப்பைப் பூட்டிவிட்டு எழும்ப வேண்டும். நெஞ்சு பதறும். அந்தப் பதகளிப்போடு அப்படியே இருக்க வேண்டும். கழுவாமலே அது தானாக இறங்கும். சின்னச் சின்னதாக, தெரிந்த ஒருவரின் வழிகாட்டலில் தொடங்குவார்கள். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "சரியா உம்மா, சுத்தமாகிட்டா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "சரி மகள்" என்று சொல்வது நோய்க்குத் தீனி போடுவது. அன்பாகவே மறுத்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் கழுவுவது மார்க்கத்தில் வெறுக்கப்பட்டது என்று ஒரு மௌலவி அவளுக்கு ஒரேயொரு தரம் சொன்னால் நல்லது. தினமும் போய்க் கேட்கத் தொடங்கினால் அதுவும் வஸ்வாஸ்தான்.

அக்கரைப்பற்று: நோன்புக்கு மருந்தை விடலாமா?

விடவே வேண்டாம். நாளுக்கு ஒரு தரம் போடுகிற குளிசையை நோன்பு திறந்த பிறகோ விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கோ மாற்றிக்கொள்ளலாம். மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்கு லித்தியம் எடுப்பவர்கள் மட்டும் றமழானுக்கு முந்தியே வைத்தியரைக் காணுங்கள். உடம்பில் தண்ணி குறைந்தால் இரத்தத்தில் அந்த மருந்து ஏறிவிடும்.

வாழைச்சேனை: எனக்குத் தந்த செர்ட்ராலின் நித்திரைக் குளிசைதானே? பழகினா விட ஏலாது எண்டுறாங்க. எனக்கு இப்ப சுகம்.

பழகிவிடுவது டயசிபாம், குளோனசிபாம் போன்றவை. பதகளிப்பைச் சட்டென்று அடக்கும் என்பதால் கொஞ்ச நாளுக்கு மட்டும் தருவார்கள். நீங்கள் எடுக்கிற செர்ட்ராலின் அந்தச் சாதி இல்லை. மேலும் மேலும் வேண்டும் என்ற ஆசையை அது உண்டாக்காது. ஆனால் திடீரென விட்டால் தலைசுற்று, எரிச்சல், மண்டைக்குள் கறண்ட் அடித்த மாதிரி ஒரு உணர்வு எல்லாம் வரலாம். பரொக்சட்டின், வென்லாபக்சின் என்ற மனச்சோர்வு மருந்துகளில் இது கூடுதல். புளூவொக்சட்டின் உடம்பை விட்டு மெதுவாகப் போவதால் குறைவு. அதனால்தான் படிப்படியாகக் குறைப்பது.

தம்பி, நீங்கள் வெள்ளாமை செய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கதிர் வந்துவிட்டது என்று வாய்க்காலை அடைப்பீர்களா? பதராகிவிடுமே. சுகம் வந்த பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் போட வேண்டும். இரண்டாம், மூன்றாம் தரம் வந்த சோர்வென்றால் இரண்டு வருசம் என்பார்கள்.

திருக்கோவில்: 2004 சுனாமியில பிள்ளைய இழந்தவர். மார்கழி வந்தா குடி. மருந்தும் போடுறார்.

பிள்ளைக்காக அழுவது நோயில்லை அக்கா. அந்தக் கண்ணீரைக் குளிசையால் நிறுத்தப் பார்க்கக் கூடாது. நித்திரை, சாப்பாடு, தொழில் எல்லாம் விட்டுப் போனால்தான் மருந்து. சாராயம் சோர்வைக் கூட்டும். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வுக் குளிசையோடோ டயசிபாமோடோ சேர்ந்தால் மயக்கி மூச்சையே அடக்கலாம். ஆனால் நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக விட்டால் வலிப்பு வரக்கூடும். கிளினிக்கில் குடியை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள்.

கல்முனை: தம்பிக்கு 19. மருந்து தொடங்கி ஒரு கிழமை. இருக்க மாட்டான், நடந்துகொண்டே இருக்கான். "நான் இருந்து என்ன" எண்டுறான்.

இதை வாசித்தவுடன் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். 25 வயதுக்குக் கீழே மனச்சோர்வு மருந்தின் தொடக்கக் கிழமைகளில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரைக்கும் இந்த எச்சரிக்கையை மருந்துப் பெட்டியிலேயே போடவைத்தது. நித்திரையே இல்லாமல் கதையும் துடிப்பும் கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மனம் மிதமிஞ்சி எழும்பியும் சோர்ந்தும் மாறுகிற பைபோலர் நோயாக இருந்தால் மருந்தையே மாற்ற வேண்டும். அவனைத் தனிய விடாதீர்கள். குளிசைகள் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும், வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டிலேயே வேண்டாம். "சாக நினைக்கிறியா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இரவென்றாலும் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

செங்கலடி: செய்வினை எண்டு நூல் கட்டியிருக்கு.

நூல் இருக்கட்டும், மாமாங்கக் கோயிலுக்கும் போய் வாருங்கள். குளிசையை நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் மறுகா போக வேண்டாம்.

தாழங்குடா: பிள்ளைக்கு இரண்டு மாசம். எந்த நேரமும் அழுகை வருது. மருந்து போட்டா பால் நஞ்சாகும் எண்டு மாமி சொல்றா.

மகள், பால் கொடுக்கிற தாய்மாருக்கு முதலில் யோசிக்கிற மருந்துகளில் ஒன்று செர்ட்ராலின். பாலுக்குள் போவது மிகச் சொற்பம். பிள்ளை மாதம் முந்திப் பிறந்ததா, நிறை குறைவா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்த தரம் மிட்வைப் வீட்டுக்கு வரும்போது மாமியையும் பக்கத்தில் இருத்தி இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கிளினிக்குக்கும் மாமியே கூட வரட்டும். பிள்ளையை வைத்திருக்க ஆள் வேண்டுமே.