நாஸ்கார் டிராக்குகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஸ்டாக் கார் (சாதாரணக் கார்களின் தோற்றத்தில் இருக்கும் பந்தயக் கார்) பந்தயமான நாஸ்கார் ஓடும் டிராக்குகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

இடப்பக்கம் திரும்பித் திரும்பிச் சுற்றுவதுதானே சார்? இதில் என்ன வகை?

நீளமும் வளைவின் சாய்வும் மாறினால் பந்தயமே மாறிவிடும். ஒரு மைலுக்குக் குறைந்தவை ஷார்ட் டிராக். ஒன்று முதல் இரண்டு மைல் வரை நடுத்தரம். சார்லட், கன்சாஸ், லாஸ் வேகாஸ் மூன்றும் ஒன்றரை மைல். அதைவிட நீளமான டேடோனா, டாலடேகா இரண்டும் சூப்பர்ஸ்பீட்வே. வலமும் இடமும் திரும்ப வேண்டிய வாட்கின்ஸ் க்ளென், சோனோமா போன்றவை ரோடு கோர்ஸ். 2.5 மைல் டேடோனாவில் பிரேக்கைத் தொடாமலே ஒரு சுற்றை முடிக்கலாம். 0.526 மைல் மார்ட்டின்ஸ்வில்லில் பிரேக்கைக் கடைசிவரை காப்பாற்றி வைத்திருப்பவருக்குத்தான் வாய்ப்பு.

வளைவைச் சாய்த்துக் கட்டுவது எதற்கு?

சமதளமான வளைவில் கார் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது டயரின் உராய்வு மட்டும்தான். தளம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் காரை உள்நோக்கித் தள்ளும், அதனால் வேகத்தைக் குறைக்காமல் திரும்பலாம். டாலடேகாவில் சாய்வு 33 டிகிரி, டேடோனாவில் 31. இண்டியானாபோலிஸும் 2.5 மைல்தான், ஆனால் சாய்வு 9 டிகிரியே. அதனால் அங்கே பந்தயம் வேறு மாதிரி இருக்கும்.

டாலடேகாவில் எல்லாரும் கும்பலாகவே ஓட்டுகிறார்களே, ஏன்?

1987-இல் பில் எலியட் அங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகத்தைத் தொட்டார். அதே பந்தயத்தில் பாபி அலிசனின் கார் டயர் வெடித்துப் பறந்துபோய், பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த வேலியைக் கிழித்தது. சிலருக்குக் காயம். அப்புறம்தான் 1988 முதல் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் வந்தது. 2019-இல் அதன் இடத்துக்கு அதே வேலையைச் செய்யும் டேப்பர்ட் ஸ்பேசர் வந்தது. எல்லாருக்கும் சக்தி ஒரே அளவில் கட்டுப்பட்டிருப்பதால் தனியே விலகி ஓட முடியாது. முன்னால் போகும் கார் கிழிக்கும் காற்றில் ஒட்டிக்கொண்டு போனால்தான் வேகம். அந்த நெருக்கத்தில் ஒருவர் தடுமாறினால் பின்னால் வரும் பத்து இருபது பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். பார்க்க விறுவிறுப்புதான், ஆனால் நன்றாக ஓட்டியவர் ஜெயிப்பார் என்ற உறுதி அங்கே குறைவு.

டார்லிங்டன் மட்டும் ஏன் முட்டை வடிவம்?

எனக்கு மிகவும் பிடித்த டிராக் இது! தென் கரோலினாவில் ஹெரால்ட் பிராசிங்டன் இதைக் கட்டியபோது, நிலத்தைக் கொடுத்தவர் தன் மீன் குட்டையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குட்டைக்கு இடம் விட்டு ஒரு முனையைக் குறுக்கிக் கட்டினார்கள். 1950-இல் முதல் பந்தயம். இரண்டு முனையும் வேறு வேறு என்பதால் ஒன்றுக்குப் பொருந்த காரை அமைத்தால் மற்றதில் அடம்பிடிக்கும். வேகமான பாதை வெளிச் சுவரை ஒட்டியே போகிறது. வலப்பக்கம் சுவரில் உரசி விழும் கோட்டுக்கு 'டார்லிங்டன் ஸ்ட்ரைப்' என்றே பெயர். திறமையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

சுவரில் ஒட்டியபடி ஒருவர் பலரை முந்திய வீடியோ உண்மையா அண்ணா?

உண்மைதான். 2022 அக்டோபர், மார்ட்டின்ஸ்வில், ராஸ் சாஸ்டெய்ன். கடைசிச் சுற்றில் மற்றவர்கள் வளைவுக்காக வேகம் குறைக்க, இவர் ஆக்ஸிலரேட்டரை விடாமல் சுவரில் சாய்ந்தபடியே போய் ஐந்து கார்களை முந்தினார். அடுத்த சீசனுக்கு முன்பே நாஸ்கார் அதைத் தடுத்துவிட்டது. சரியான முடிவு, இன்னொருவர் முயன்றால் உயிருக்கே ஆபத்து.

மண் டிராக் இப்போது இல்லையா?

1949-இல் இந்தத் தொடர் தொடங்கியதே மண்ணில்தான். முதன்மைத் தொடரில் 1970-உடன் அது நின்றது. 2021 முதல் 2023 வரை பிரிஸ்டலின் கான்கிரீட்மேல் மண் கொட்டி ஓட்டிப் பார்த்தார்கள்.

புதிதாகப் பார்ப்பவன் எதில் தொடங்கலாம்?

பிரிஸ்டல் இரவுப் பந்தயம். அரை மைல் வளையத்தில் எப்போதும் யாராவது யாரையாவது முந்திக்கொண்டிருப்பார்கள். அதன்பின் டார்லிங்டன்.