மணிக்கட்டின் படகு எலும்பு: கேள்வி பதில்

கேள்வி: பைக் சறுக்கியபோது வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். பன்னிரண்டு நாளாகியும் ஆக்ஸிலரேட்டரைத் திருக முடியவில்லை, டாக்டர்.

பதில்: கட்டை விரலை நன்றாக விரித்து நீட்டினால், அதன் அடியில் மணிக்கட்டோரமாக, இரு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சிய பழக்கத்தால் மருத்துவ நூல்களில் அதற்குப் பொடிக்குழி என்றே பெயர். அங்கே விரல் நுனியால் அழுத்தும்போது, மறு கையில் இல்லாத வலி இந்தக் கையில் இருந்தால், ஸ்கபாய்டு என்னும் படகு வடிவ எலும்பு முறிந்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். மயிரிழை போன்ற இம்முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. அதனால்தான், சந்தேகம் இருந்தாலே கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுக்கிறோம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்கபாய்டுக்கென உள்ள கோணங்களில் நாளைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: முந்திரிப் பருப்பு போன்ற எலும்புக்கு மூன்று மாத மாவுக்கட்டா? என் மகனுக்கு முன்கையே ஆறு வாரத்தில் கூடிவிட்டதே, ஐயா.

பதில்: அளவைப் பார்க்காதீர்கள், இரத்தம் வரும் வழியைப் பாருங்கள். ரேடியல் தமனியின் கிளைகள் பெரும்பாலும் விரல் பக்கமாக இந்த எலும்பினுள் நுழைந்து, பின்னோக்கி முன்கைப் பக்கம் செல்கின்றன. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு, உடைந்த வாய்க்காலின் கடைமடை வயலாகிவிடுகிறது. சில வேளைகளில் அத்துண்டு இரத்தமின்றிச் செத்தும் போகிறது. எனவே நடுமுறிவுக்கு 8 முதல் 12 வாரம் ஆவது இயல்பே. கூடியதா என்பதில் ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகே கட்டைப் பிரிப்பது நல்லது.

கேள்வி: எப்போது ஸ்குரூ தேவைப்படும்?

பதில்: துண்டுகள் 1 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தாலோ, முன்கைப் பக்க முனையில் முறிந்திருந்தாலோ பெரும்பாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்போம். விலகாத நடுமுறிவு மாவுக்கட்டிலேயே கூடும். அங்கு ஸ்குரூவின் ஆதாயம் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதுதான். ஆஸ்திரேலியரான டிமதி ஹெர்பர்ட் உருவாக்கிய ஸ்குரூவுக்குத் தலை கிடையாது. இரு முனைகளிலும் மரை இடைவெளி வேறுபடுவதால், முறுக்க முறுக்க அது துண்டுகளை நெருக்கிப் பிடிக்கும்.

கேள்வி: சிகரெட் பிடிக்கலாமா?

பதில்: கூடாது. கடைமடைக்கு வரும் கொஞ்ச இரத்தத்தையும் அது குறைத்துவிடும்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் விழுந்தபோது எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். இப்போது தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வலிக்கிறது.

பதில்: முறிவு கூடாமலே இருந்திருக்கலாம். மூட்டு தேயாதிருந்தால், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து வைத்து, ஸ்குரூவால் இறுக்கிக் கூட்ட இன்னும் வாய்ப்புண்டு. தேய்மானம் தொடங்கிவிட்டிருந்தால் சிகிச்சையே வேறு. ஆகவே உருவுவதை நிறுத்திவிட்டு முதலில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.