ஸ்கேனரில் பூ வைக்கும் மகளும் தாவரவியல் பட்டமும்

மதிப்பிற்குரிய ஐயா,

தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், இரவில் அறை விளக்கை அணைத்து, மூடியைத் திறந்துவைத்த ஸ்கேனரின் கண்ணாடிமேல் செங்காந்தளையும் எருக்கம்பூவையும் கிடத்திப் படமெடுக்கிறார் என்றும், படிப்பை நிறுத்திவிட்டு இதிலேயே இறங்க விரும்புகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். படிப்பை நிறுத்த வேண்டாம். ஸ்கேனரையும் பிடுங்க வேண்டாம்.

இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீலப்படி முறையைக் கொண்டு, அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் மறு ஆண்டே, கேமரா எதுவுமின்றி, இரும்பு உப்புகள் பூசிய தாளில் கடற்பாசிகளை வைத்து வெயிலில் காட்டி, நீரில் அலசி, நீலப் பின்னணியில் வெண்ணிற உருவங்களாகப் பதித்தார். பாசிகளை அடையாளம் காட்டவே அவர் அதைச் செய்தார்; இன்று அருங்காட்சியகங்கள் அவற்றைக் கலையாகப் போற்றுகின்றன. பெர்லினில் கலை ஆசிரியராக இருந்த கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட், தாமே அமைத்த கேமராவால் பாடத்துக்காக எடுத்த செடிப் படங்கள் 1928-இல் நூலாகி அவருக்குப் புகழ் தந்தபோது, அறுபது வயதைக் கடந்திருந்தார். அட்கின்ஸுக்குக் குடும்ப வசதி இருந்தது, ப்ளாஸ்ஃபெல்டுக்கு ஆசிரியர் சம்பளம் இருந்தது என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தச் சம்பளத்துக்கான வழி அவருடைய பட்டத்திலேயே இருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களைப் புரட்டாமல் படியெடுக்க, தலைகீழாகப் பொருத்திய ஸ்கேனரையே பயன்படுத்தினார்கள். நம் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகம் உள்ளது. ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். செடியின் பெயரும் உறுப்பும் அறிந்து படமெடுப்பவர்கள் குறைவு. ஒளிப்படக் கலையை முறையாகப் பயில விரும்பினால், காந்திநகரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்கும் முதலில் ஒரு பட்டம் தேவை.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். இப்போது விற்கும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தொடும் பகுதியை மட்டுமே தெளிவாகக் காட்டும். சிசிடி (CCD) என்னும் ஒளியுணரி கொண்ட பழைய வகை ஸ்கேனர்தான் இதழின் மடிப்புவரை ஓரளவு எட்டும். அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் எடுத்தால், மூன்று அங்குலப் பூவை 300 புள்ளியில் ஓரடி அளவுக்கு அச்சிடலாம். செங்காந்தள் நஞ்சு, தொட்டபின் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு மகளையும் அழைத்து வாருங்கள். கைபேசியில் அல்லாமல், தாளில் அச்சிட்ட பத்துப் படங்களை, ஒவ்வொன்றின் பின்புறமும் தாவரப் பெயர், இடம், தேதி எழுதி எடுத்து வரட்டும்.