அந்த ஒரு வருடக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்து தனி நாடாவது பற்றி நண்பர்களுடன் பெரிய வாக்குவாதம். எனக்குச் சில கேள்விகள். ஸ்காட்லாந்து தனியாகப் போனால் பொருளாதார ரீதியாகத் தாக்குப்பிடிக்குமா? ஆமா, இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். பற்றாக்குறை என்று காட்டப்படுவது லண்டன் தயாரிக்கும் கணக்குதானே? எந்த நாணயத்தை வைத்துக்கொள்வார்கள்? இன்னொன்று: விடுதலை என்பது உணர்வு. அதற்கு நாடாளுமன்றக் குழு போட்டு வரவு செலவு கேட்பது ஓர் இனத்தை அவமதிப்பதாகாதா? 1947இல் நம்மிடம் யாராவது கணக்குக் கேட்டார்களா?

கே., கோவை

அன்புள்ள கே.,

ஓர் அரசாங்கம் 'தனியே போனால் நன்றாக இருப்போம்' என்று கணக்குக் காட்டினால், அதை ஒரு நாடாளுமன்றம் எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சரியான நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் 1947. யாரும் கணக்குக் கேட்கவில்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது? மேசை, நாற்காலி, தட்டச்சுப் பொறி வரை எண்ணிப் பிரித்தார்கள். கடனில் பாகிஸ்தானின் பங்கு 17.5 சதவீதம் என்று பேரம் படிந்தது. ரொக்கக் கையிருப்பில் 75 கோடி ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு 20 கோடியைக் கொடுத்தார்கள். மிச்சம் 55 கோடியை வைத்து 1948 ஜனவரியில் நடந்தது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே கணக்கை அவசரத்தில், ரத்தத்துக்கு நடுவே பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் 2014 விடுதலை வாக்கெடுப்பில் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஆற அமரப் பார்த்தார்கள். இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது? ஓர் இனத்தைக் கணக்குக் கேட்காத குழந்தையாக நடத்துவதுதான் அவமதிப்பு.

அடுத்தது 'லண்டன் கணக்கு'. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் சொல்வது 'ஜெர்ஸ்' எனப்படும், ஸ்காட்லாந்தின் வரவு செலவைக் காட்டும் வருடாந்திர அறிக்கை. 1992இல் கன்சர்வேட்டிவ் ஆட்சிக் காலத்தில் தொடங்கியது உண்மைதான். ஆனால் இன்று அதைத் தயாரிப்பவர்கள் ஸ்காட்லாந்து அரசாங்கத்தின் சொந்தப் புள்ளியியலாளர்கள். விடுதலை கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் (எஸ்என்பி) ஆட்சியிலும் அவர்களேதான். 2023-24க்கு அவர்கள் போட்ட பற்றாக்குறை 2,270 கோடி பவுண்ட். ஜிடிபியில் 10.4 சதவீதம். மொத்த பிரிட்டனுக்கு அந்த வருடம் 4.5.

உங்கள் நண்பர்கள் இந்த எண்ணைத்தான் முகத்தில் வீசியிருப்பார்கள். அவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. ஜெர்ஸ் இன்றைய ஏற்பாட்டின் கணக்கு. பிரிட்டன் கடனுக்கான வட்டியில் மக்கள்தொகை விகிதப்படி எட்டு சதவீதத்தை ஒட்டிய பங்கு ஸ்காட்லாந்தின் தலையில் எழுதப்பட்டிருக்கும். ராணுவச் செலவும் அப்படியே. தனி நாடு இவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஜெர்ஸ் ராணுவத்துக்குச் சுமார் 300 கோடி எழுதிக்கொண்டிருந்தபோது, தனி நாட்டுக்காக ஸ்காட்லாந்து அரசாங்கம் வெளியிட்ட 2013 வெள்ளை அறிக்கை 250 கோடி போதும் என்றது. 50 கோடி மிச்சம். பெரிய ஓட்டையை அடைக்க அது போதாது, ஆனால் இப்படி வரி வரியாகப் பேசினால்தான் பேச்சு.

அந்த வெள்ளை அறிக்கைக்கு வருகிறேன். 2013 நவம்பர் 26இல் வந்தது. ஏறக்குறைய 670 பக்கம், 650 கேள்வி பதில். மன்னராட்சி தொடருமா என்பது வரை எல்லாம் இருந்தது. ஆனால் தனி நாட்டின் வரவு செலவு? ஓர் அட்டவணை. அதில் ஒரே ஒரு வருடம், 2016-17.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னூறு வருட உறவை முறிக்கச் சொல்லும் அறிக்கை ஒரு வருடக் கணக்கு கொடுக்கிறது. பெட்டிக்கடைக்குக் கடன் கேட்டால்கூட வங்கியில் மூன்று வருடக் கணக்குக் கேட்பார்கள்.

அந்த ஒரு வருடத்திலும் எண்ணெய் வரி என்ற இடத்தைப் பாருங்கள். 680 கோடியிலிருந்து 790 கோடி பவுண்ட் வரும் என்று போட்டார்கள். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலரை ஒட்டி இருக்கும் என்ற கணிப்பு. அன்றைய விலை அதுதான், பேராசைக் கணிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு குழு உறுப்பினர் அமைச்சரிடம் 'விலை விழுந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: 'எண்ணெய் ஒரு போனஸ்தான், நிதியம் அமைப்போம், நார்வேயைப் பாருங்கள்.' கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. 'விலை பத்து டாலர் விழுந்தால் வரி எத்தனை கோடி விழும்?' என்று கேட்க வேண்டும். எண்ணைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாத கேள்வி.

ஏன் இது முக்கியம் என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். வடகடல் எண்ணெய் வரி விற்பனையின் மேல் விழுவதில்லை, லாபத்தின் மேல் விழுகிறது. அன்றைக்கு விகிதம் 30 சதவீத நிறுவன வரியும் 32 சதவீத மேல்வரியும் சேர்ந்து 62. பீப்பாய் 110 டாலர், எடுக்கும் செலவு 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 50, வரி 31. இப்போது விலை 100 ஆகிறது. செலவு அதே 60. கடலுக்கு நடுவில் நிற்கும் மேடைக்கு எண்ணெய் மலிந்தது தெரியாது. லாபம் 40, வரி 24.80. விலை விழுந்தது 9 சதவீதம், வரி விழுந்தது 20 சதவீதம். விலை 60க்கு வந்தால் வரி சுழியம். அதற்கும் கீழே போனால் கம்பெனி நஷ்டக் கணக்கு எழுதும். அந்த நஷ்டத்தைப் பிந்தைய வருட லாபத்தில் கழிக்கும். கிணற்றை மூடி மேடையைப் பிரிக்கும் செலவுக்கோ, பழைய வருடங்களில் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கும். பள்ளிக்கூடக் கணக்குதான் இது. அந்த 670 பக்கத்தில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2014 ஜூனில் 115 டாலர் பக்கம் இருந்த எண்ணெய் அடுத்த ஜனவரியில் 50க்குக் கீழே வந்தது. 2016 ஜனவரியில் 30க்கும் கீழே. ஸ்காட்லாந்துப் பங்கு எண்ணெய் வரி முதலில் வெளியான ஜெர்ஸ் கணக்கின்படி 2015-16இல் சுமார் 6 கோடி பவுண்ட். 2016-17இல், அதாவது அந்த அட்டவணையின் வருடத்தில், சுமார் 20 கோடி. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-23இல் 940 கோடி! ஆறு எங்கே, தொள்ளாயிரத்து நாற்பது எங்கே? இப்படி ஆடும் வருமானத்துக்கு ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது, அலையடிக்கும் கடலை ஒரு போட்டோ எடுத்து ஆழம் சொல்வது மாதிரி. அரசாங்கத்துக்கு உள்ளே இது தெரியாமலும் இல்லை. நிதியமைச்சர் ஜான் ஸ்வின்னி அமைச்சரவைக்குக் கொடுத்த குறிப்பு 2013 மார்ச்சில் வெளியே கசிந்தது. எண்ணெய் வருமானம் நிலையில்லாதது என்ற கவலை அதிலேயே இருந்தது. லண்டன் பக்கக் கணிப்பாளர்களும் இந்த வீழ்ச்சியைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குழுக்கள் ஏன் இதைக் கறாராகக் கேட்டு வாங்குவதில்லை? அமைப்பே அப்படி. ஒன்பது பத்து உறுப்பினர்கள், ஒன்றரை மணி நேரம். அமைச்சரின் முன்னுரைக்குப் பத்து நிமிடம். மிச்சத்தைப் பிரித்தால் ஆளுக்கு எட்டு ஒன்பது நிமிடம். அதில் உறுப்பினர் தன் கட்சிக்காரர்கள் கேட்பதற்காக மூன்று நிமிடம் பேசுவார், கடைசியில் ஒரு கேள்விக்குறி போடுவார். அமைச்சர் அந்த மூன்று நிமிடத்தில் தனக்குப் பிடித்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். 2011 ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்என்பிக்கு 129இல் 69 இடம், குழுக்களிலும் அந்தப் பலம். பொருளாதாரக் குழுவின் அன்றைய தலைவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், ஆனால் தலைவர் பதவி வேறு, எண்ணிக்கை வேறு. அறிக்கையின் பத்திகள் ஓட்டெடுப்பில் கரைந்துவிடும்.

லண்டன் பக்கம் ஒன்றும் உசத்தி இல்லை. பிரிட்டன் நாடாளுமன்றக் கீழவையின் ஸ்காட்லாந்து விவகாரக் குழு தன் விசாரணைக்கு 'ஸ்காட்லாந்தைப் பிரிப்பது பற்றிய வாக்கெடுப்பு' என்று பொருள்படத் தலைப்பு வைத்தது. தலைப்பிலேயே தீர்ப்பு. மேலவையின் பொருளாதாரக் குழு 2013 ஏப்ரலில் கொடுத்த அறிக்கை தரமானது, ஆனால் எஸ்என்பி மேலவைக்கு ஆள் அனுப்புவதே இல்லை. அந்த மேசையில் எதிர்க்கேள்வி கேட்க ஆள் கிடையாது.

உருப்படியாக நடந்தது எங்கே தெரியுமா? நூலகத்தில். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு 'ஸ்பைஸ்' என்று ஓர் ஆய்வுப் பிரிவு உண்டு. கட்சி கிடையாது, மேடை கிடையாது. வெள்ளை அறிக்கையின் பெருமைக்குரிய திட்டம் குழந்தைப் பராமரிப்பு: தாய்மார்கள் வேலைக்குத் திரும்புவார்கள், பெண்களின் வேலைப் பங்கேற்பு ஆறு சதவீதப் புள்ளி கூடி ஸ்வீடனை எட்டினால் வரியாக 70 கோடி பவுண்ட் வரும். ஸ்பைஸ் தலையை எண்ணிப் பார்த்தது. ஆறு புள்ளிக்கு 1,04,000 பெண்கள் வேலைக்கு வர வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளோடு வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் தாய்மார்களே சுமார் 64,000 பேர். அவர்களில் வேலைக்குப் போக விரும்புவதாகச் சொன்னவர்கள் 14,000. அவ்வளவுதான். எந்த அமைச்சரையும் திட்டவில்லை. கே., இந்த மாதிரிக் கழித்தலைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் உங்களுக்கும் ஒருநாள் வர வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் இதே அளவுகோல்தான். 2014 மே மாதம் பிரிட்டன் நிதியமைச்சகம் புது நாட்டை நிறுவும் செலவு 270 கோடி பவுண்ட் வரை ஆகலாம் என்று பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தது. எப்படி வந்தது? ஒரு புதுத் துறை தொடங்க 1.5 கோடி. அதை 180 அமைப்புகளால் பெருக்கினார்கள். பெருக்கல் சரி. ஆனால் அந்த 1.5 கோடி லண்டனில் ஒரு பெரிய அமைச்சகத்தை உருவாக்கும் செலவு. 180இல் சின்னச் சின்ன வாரியங்களும் சேர்த்தி. எந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டினார்களோ, அதில் பங்குபெற்ற பேராசிரியர் பேட்ரிக் டன்லீவியே பகிரங்கமாக மறுத்தார். உடனடிச் செலவு 15 முதல் 20 கோடி என்பது அவர் கணக்கு. அந்த வாரமே இரண்டு அரசாங்கங்களும் போட்டி போட்டன: சேர்ந்திருந்தால் தலைக்கு வருடம் 1,400 பவுண்ட் லாபம் என்றது லண்டன், பிரிந்தால் 1,000 பவுண்ட் லாபம் என்றது எடின்பரோ. ஒரே நாள். 1,400 பவுண்டில் என்னென்ன செய்யலாம் என்று லெகோ பொம்மைப் படங்கள் போட்டு நிதியமைச்சகம் ஒரு பட்டியலே வெளியிட்டது. பொம்மைக் கம்பெனி படத்தை எடுக்கச் சொன்னது.

பிறகு வந்த கணக்குகள் மேம்பட்டனவா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். எஸ்என்பி அமைத்த வளர்ச்சி ஆணையம் 2018இல் நேர்மையாக ஒன்றைச் செய்தது. பற்றாக்குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை ஐந்து முதல் பத்து வருடத்தில் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வழி சொன்னது. சொந்தக் கட்சிக்காரர்களே சிக்கனத் திட்டம் என்று திட்டினார்கள். திட்டியதற்குப் பலன், 2022 அக்டோபரில் அரசாங்கம் வெளியிட்ட பொருளாதார அறிக்கை. அதில் முதல் பத்து வருடத்துக்கு 2,000 கோடி பவுண்ட் வரை நிதியம் உண்டு, பற்றாக்குறைக்கு வருடவாரி அட்டவணை கிடையாது. 2013இல் ஒரு வருடமாவது இருந்தது!

நாணயம் பற்றிக் கேட்டீர்கள். 2014இல் பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றார்கள், அன்றைய பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் முடியாது என்றார். 2022இல் கொஞ்ச காலம் பவுண்ட், பிறகு சொந்த நாணயம் என்றார்கள். இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், என்னை விடுங்கள்.

அந்த ஒரு வார்த்தைப் பதில்தான் பாக்கி. தரமாட்டேன். ஒரு வேலை தருகிறேன். மேலே சொன்ன மாதிரிக் கணக்கில் எடுக்கும் செலவை 60க்குப் பதில் 45 என்று போட்டு, விலையை 110, 90, 70, 50 என்று மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் வரி எத்தனை சதவீதம் விழுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளோடு நண்பர்களிடம் போங்கள். சண்டை எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள்.