லெக்சிங்டனுக்கு முந்தைய எட்டு மாதம்: மாசசூசெட்ஸ் ஊர்கள் தயாரான விதம் (கேள்வி பதில்)

அமெரிக்கப் புரட்சியின் முதல் சண்டை 1775 ஏப்ரல் 19 அன்று, அப்போது பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் நடந்தது. அதற்கு முன் சாதாரணக் குடியேறிகள் எப்படித் திரண்டார்கள் என்று வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது 1773 டிசம்பரில். சண்டை மூண்டது 1775இல். இடையில் என்னதான் செய்தார்கள்?

ஆட்சியைக் கைப்பற்றினார்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். தேயிலைக்குப் பதிலடியாக 1774இல் லண்டன் போட்ட சட்டங்களில் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது நகரத்தை மட்டும் நேரடியாக அடித்தது. மாசசூசெட்ஸ் அரசுச் சட்டமோ உள்நாட்டு விவசாயி வரைக்கும் எட்டியது: ஆளுநர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான், ஆலோசனை சபையை அரசரே நியமிப்பார், ஜூரிகளை ஷெரீஃப் பொறுக்குவார். கடன் வழக்கில் நிலம் போகுமா நிற்குமா என்பது இனி அரசரின் ஆட்கள் கையில். அதனால்தான் மக்கள் முதலில் குறிவைத்தது நீதிமன்றங்களை.

1774 செப்டம்பர் 6 அன்று வூஸ்டரில் 37 ஊர்களின் படைகள் வந்தன. ஊர்வாரியாகத் தலையை எண்ணியிருக்கிறார்கள்: 4,622 பேர். நீதிபதிகளும் அலுவலர்களும் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து, புதிய சட்டத்தின்படி பதவி வகிக்க மாட்டோம் என்று முப்பது தடவைக்கு மேல் படிக்க வேண்டியிருந்தது. ஒரு வேட்டுகூட வெடிக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்துக்குள் பாஸ்டனுக்கு வெளியே அரசரின் அதிகாரம் ஏறக்குறைய செல்லாமல் போய்விட்டது.

பணம்?

வரிப்பணம்தான். வரியை வசூலித்தவர்கள் ஊர்க் காவலர்கள். 1774 அக்டோபரில் ஊர்களின் பிரதிநிதிகள் கூடிய மாகாணப் பேராயம், அதை அரசுக் கருவூலரான ஹாரிசன் கிரேயிடம் கட்டாமல் தான் நியமித்த ஹென்றி கார்ட்னரிடம் கட்டச் சொன்னது. ஒவ்வொரு ஊர்க்கூட்டமும் இதை எடுத்து வாக்களிக்க வேண்டும். சில ஊர்கள் தயங்கின, பணம் மெதுவாகத்தான் வந்தது.

மினிட்மேன் என்பவர்கள் ஊர்ப்படையிலிருந்து எப்படி வேறுபட்டார்கள்?

ஊர்ப்படை பழைய ஏற்பாடு. 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் பெரும்பாலோர் அதில் உண்டு. அதில் நான்கில் ஒரு பங்கைத் தனியே பிரித்து, உடனே புறப்படத் தயாராக வைக்கும்படி பேராயத்தின் அக்டோபர் 26 தீர்மானம் சொன்னது. அவர்கள்தான் மினிட்மேன். கம்பெனிக்குக் குறைந்தது 50 வீரர்கள், ஒன்பது கம்பெனி சேர்ந்தால் ஒரு பட்டாளம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான படி ஒன்று அதற்கு முன்பே நடந்தது. ஆளுநரிடம் நியமனம் பெற்ற படை அதிகாரிகள் எல்லாரும் விலக வேண்டும், வீரர்களே புதியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வூஸ்டர் மாவட்ட மாநாடு செப்டம்பரில் முடிவெடுத்தது. அரச விசுவாசிகள் சண்டையில்லாமலே கழிந்துபோனார்கள்.

ஒரு வீரர் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

டிசம்பர் தீர்மானத்தின்படி நல்ல துப்பாக்கி, பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), தோட்டாப் பை, முதுகுப்பை, 30 தோட்டா. வாரம் மூன்று முறை பயிற்சி. பயிற்சிக்குக் கூலி கொடுத்த ஊர்களும் உண்டு.

தோட்டா என்றால் வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்துச் சுருட்டிய காகிதக் குழல். நுனியைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணியில் போட்டு, மீதியைத் துப்பாக்கிக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளிக் கோலால் கெட்டிக்க வேண்டும். சிக்கல் எங்கே வந்தது என்றால், பலர் கொண்டுவந்தது வீட்டு வேட்டைத் துப்பாக்கி. ஒவ்வொன்றின் குழலும் ஒவ்வொரு அளவு. அவரவர் அச்சில் அவரவர் குண்டு வார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் கடன் வாங்கிச் சுட முடியாது. பல துப்பாக்கிகளில் பயனெட் மாட்டவும் வழியில்லை.

உண்மையில் எது பற்றாக்குறை? துப்பாக்கியா, ஆளா?

வெடிமருந்து. 1774 செப்டம்பர் 1 அன்று ஆளுநர் கேஜின் படை சார்ல்ஸ்டவுன் மருந்துக் கிடங்கைக் காலி செய்தது. அக்டோபரில் இறக்குமதிக்கும் லண்டன் தடை போட்டது. பேராயத்தின் கொள்முதல் பட்டியலில் 1,000 பீப்பாய் மருந்து, 5,000 துப்பாக்கி, 75,000 சிக்கிமுக்கிக் கல் எல்லாம் இருந்தன. பட்டியல் போடுவது எளிது, சரக்கு கிடைப்பதுதான் அரிது. 1775 ஜூன் 17 பங்கர் ஹில் சண்டையில் மருந்து தீர்ந்துதான் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் குடியேறிகளின் படைத் தலைவர் வாஷிங்டன் கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு ஒன்பது வேட்டு அளவுக்குத்தான் இருந்தது. அதற்கு முன் வந்த கணக்கில், சேர்த்த மருந்தை எழுதியிருந்தார்களே தவிர செலவானதைக் கழிக்கவில்லை.

பாஸ்டன் வெள்ளிக்கொல்லர் பால் ரெவியர் ஒருவரே குதிரையில் போய் எல்லாரையும் எழுப்பினாரா?

இல்லை. கிடங்கு காலியான அன்று பாஸ்டன் மீது குண்டு வீசுகிறார்கள் என்ற புரளி பரவி ஆயிரக்கணக்கானோர் கிளம்பிவிட்டார்கள். மக்கள் வருவார்கள் என்பது அதில் தெரிந்தது, செய்தியைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்பதும் தெரிந்தது. பாஸ்டன் கைவினைஞர்கள் சுமார் முப்பது பேர் இரண்டிரண்டு பேராக இரவு முழுவதும் தெருவில் நடந்து பிரிட்டிஷ் படையை நோட்டமிட்டார்கள்.

ஏப்ரல் 18 இரவு பிரிட்டிஷ் படை கான்கார்டை நோக்கிக் கிளம்புவதை எச்சரிக்க ரெவியர் ஒரு வழி, வில்லியம் டாஸ் இன்னொரு வழி. இருவரும் சிக்கினால் என்ன செய்வது என்பதற்காகத்தான் தேவாலயக் கோபுரத்தில் இரண்டு விளக்கு. அது ஆற்றுக்கு அக்கரையில் சார்ல்ஸ்டவுனில் இருந்தவர்களுக்கான சைகை. ரெவியர் லிங்கனில் பிடிபட்டார், கான்கார்டுக்குச் செய்தி கொண்டுபோனவர் மருத்துவர் சாமுவேல் பிரெஸ்காட். ஊருக்கு ஊர் மணியும் வேட்டும் குதிரைக்காரரும் மாறி மாறிக் கைமாற்றியதால்தான் அந்த வேகம்.

உளவாளிகள் புகவில்லையா?

உச்சியிலேயே இருந்தார். பேராயத்தின் பாதுகாப்புக் குழு உறுப்பினரான டாக்டர் பெஞ்சமின் சர்ச், கேஜுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார். 1775 இலையுதிர் காலத்தில் சங்கேதக் கடிதம் ஒன்று சிக்கித்தான் வெளிப்பட்டது. தெருவில் நடந்தவர்கள் ரகசியம் காப்பதாக பைபிள் மேல் சத்தியம் செய்தார்கள். ஆனால் அந்த ரகசியத்தைக் கேட்டுக்கொள்ளும் மேல்மட்டத்தில் ஒருவர் அவர்.

எல்லாரும் மனமுவந்தா சேர்ந்தார்கள்? அடிமைகள் நிலை?

மனமுவந்து என்று முழுதாகச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் சரக்குக்குக் குடியேறிகளே போட்ட இறக்குமதித் தடையை மீறுவோரின் பெயரைச் செய்தித்தாளில் போட்டு ஊரோடு ஒதுக்க, ஊர் ஊராகக் குழு இருந்தது. தார் பூசி இறகு ஒட்டிய கொடுமையும் நடந்தது. இதை மறைத்து எழுதும் வரலாறு எனக்கு ஒப்பாது. லெக்சிங்டனில் காயம்பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் ஓர் அடிமை. சுதந்திரம் பேசிய ஊர், அவரை அடிமையாக வைத்துக்கொண்டே வரிசையில் நிறுத்தியது.

சண்டை முடிந்ததும் முதல் வேலை?

வாக்குமூலம் சேர்ப்பது. யார் முதலில் சுட்டது என்ற கேள்வி வரும் என்று தெரிந்து, சில நாட்களுக்குள் நேரில் பார்த்தவர்களிடம் சத்தியப் பிரமாணத்தோடு எழுதி வாங்கினார்கள். ஜான் டெர்பி என்ற கப்பல் தலைவர் க்வெரோ என்ற சிறு கப்பலில் சரக்கு எதுவும் ஏற்றாமல் மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்திலிருந்து கிளம்பி, மே 28 அன்று லண்டன் சேர்ந்தார். அவருக்கு முன்பே புறப்பட்ட கேஜின் அறிக்கை போய்ச் சேர மேலும் இரண்டு வாரம் ஆகியது. அதுவரை லண்டன் செய்தித்தாள்களில் வந்தது குடியேறிகள் சொன்ன கதைதான்.